முட்டைச் சுண்ணாம்பும் ஊதாத் துகள்களும்

இன்று காலை பெரிய வீட்டை ஒட்டிய சந்து வழியாகப் போகும்போது அந்த வாசனை வந்தது. நனைந்த சுண்ணாம்பின் வெக்கை, அதன் மேல் அடித்த வெள்ளைக்கருவின் பச்சை நெடி. கால் நின்றுவிட்டது. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. நீங்கள் கொடுத்த தகரப் பெட்டி அங்கே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இருந்தது. உள்ளே ஊசியோடு இருக்கும் குப்பி மருந்து பழசாகிவிட்டது. வருஷா வருஷம் நீங்கள்தான் மாற்றித் தருவீர்கள். “மருந்துக்கும் வயசாகும் கணக்கப்புள்ள. பயத்துக்குத்தான் வயசாகாது” என்று ஒவ்வொரு தடவையும் அதே கிண்டல். இந்த வருஷம் மாற்றித் தர ஆளில்லை, டாக்டர்.

உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு, தபாலில் வந்த மருத்துவ சஞ்சிகையைக் கையில் கொடுத்தார்கள். “அவுக போனது தபால்காரருக்குத் தெரியுது, சீமைக்காரனுக்குத் தெரியல அண்ணே. இன்னும் அனுப்பிக்கிட்டே இருக்கான். நீங்களாவது படிங்க” என்றார்கள். எனக்கு அதில் பாதி புரியாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். நடுவில் ஒரு கட்டுரை. அதைப் படித்தபின் புத்தகத்தை மூடி வைத்தேன். இன்னும் ஒரு மழைக்காலம் நீங்கள் இருந்திருக்கலாம்.

செய்திக்கு வருகிறேன். எனக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் வரும். நீங்கள் பொறுமையாகக் கேட்பீர்கள் என்று தெரியும்.

பெரிய வீடு எழும்பிக்கொண்டிருந்த வருஷம் அது. வீட்டுக்காரர் செட்டியார் ரங்கூனில் இருந்தார். இங்கே வேலையை நடத்தியது அவர் மனைவி, ஆச்சி. நாச்சியாபுரத்தில் அவர்கள் நிலத்தைத்தான் என் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். மதுரையில் படித்துவிட்டு வந்த மகனுக்கு ஒரு இடம் வேண்டும் என்று ஆச்சியின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். அப்படித்தான் நான் அந்தக் கட்டடத்துக்குக் கணக்கப்பிள்ளை ஆனேன். கல்லும் மரமும் வந்து இறங்கிய காலமெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை. சுவர் பூச்சுக்கு வந்தபோதுதான் தொல்லை தொடங்கியது.

நம் ஊர்ப் பூச்சு உங்களுக்குத் தெரியாததல்ல. அரைத்து வடிகட்டிய சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவை அடித்துக் கலந்து, கடைசிப் பூச்சு பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கும்படி ஆக்குவார்கள். வெள்ளைக்கரு குறைந்தால் மினுமினுப்பு வராது. அது குறையாமல் பார்க்க வீட்டு மனிதர் ஒருவர் உள்ளே நிற்க வேண்டும் என்பது ஆச்சியின் கட்டளை. அந்த மனிதர் நான். பூச்சு ஈரமாக இருக்கும்போது காற்றுப் பட்டால் வெடிக்கும் என்பதால் கதவு சன்னலெல்லாம் அடைத்து, இடுக்குகளில் ஈரச் சாக்கைத் திணித்துவிடுவார்கள். தேய்த்து முடியும்வரை யாரும் வெளியே போகக் கூடாது, உள்ளே வரவும் கூடாது. காலையில் கதவு சாத்தினால் சாயங்காலம்தான் திறக்கும். உள்ளே தொட்டித் தொட்டியாக வெள்ளைக்கருவை மத்தால் அடித்து நுரைக்க வைப்பார்கள். அந்த நுரையின் ஈரம் காற்றிலேயே மிதக்கும்.

முதலில் தும்மல். பிறகு கண் அரிப்பு. சில வாரங்களில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மூச்சு உள்ளே போய்விடும், வெளியே வருவதற்கு வழி தேடும். ஆஸ்பத்திரித் தெருவில் புதிதாக டிஸ்பென்சரி வைத்திருந்த உங்களிடம் வந்தது அப்போதுதான். நானும் நீங்களும் ஒரே வயது. ஆனாலும் நீங்கள் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது எனக்கு அச்சமாக இருந்தது.

“ஏன் நிலைப்படியிலேயே நிக்கிறீக? உள்ளுக்கு வாங்க. காசு வாங்குறது வெளியே போகும்போதுதான்” என்றீர்கள்.

நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, “உள்ள நாகசுரம் வாசிக்கிறாப்ல இருக்கே” என்றீர்கள். சுண்ணாம்புத் தூசிதான் காரணம் என்று இருவருமே நினைத்தோம். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொள்ளச் சொன்னீர்கள். கட்டிக்கொண்டேன். அதைப் பார்த்து ஆச்சி, “என்ன கணக்கப்புள்ள, புதுப் பொண்ணு மாதிரி முக்காடு? சுண்ணாம்பு உம்மைக் கடிக்கவா செய்யுது?” என்று கேட்டார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் நான் துணி கட்டவில்லை.

வீட்டிலோ அம்மா வேறு வைத்தியம் தொடங்கியிருந்தார். இரைப்புக்குக் காரணம் நெஞ்சில் பலமில்லாதது என்பது அவர் முடிவு. விடியும்போதே நாட்டுக்கோழி முட்டை இரண்டை உடைத்து, நல்லெண்ணெய் விட்டு, டம்ளரோடு வந்து நிற்பார். “மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா ஊத்திக்கப்பா. வயசுக்கு வந்த புள்ளைகளுக்கே குடுக்குறோம், உனக்கு என்ன?” குடித்த சற்று நேரத்தில் உதடு தடிக்கும், நாக்கு நமைக்கும். சூடு என்பார் அம்மா. மறுநாள் எண்ணெயைக் கூட்டிக் கொடுப்பார்.

அந்த நாட்களில் நான் உண்மையாகவே நம்பியது ஒன்றை உங்களிடம் அப்போது சொல்லவில்லை. இது நோயே அல்ல, என் பயம்தான் என்று நம்பினேன். சின்ன வயதிலிருந்தே நான் பயந்தவன். வாத்தியார் பெயரைக் கூப்பிட்டால் வியர்க்கும். அடைத்த கூடத்துக்குள் போகும்போது நெஞ்சு படபடக்கிறது, அதனால் மூச்சு முட்டுகிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கோழைக்கு என்ன மருந்து? வேலையை விட்டுப் போகவும் வழியில்லை. நான் திரும்பிப் போனால் அப்பா அந்த வாசலில் மறுபடி எப்படி நிற்பார்? காலையில் அம்மாவின் டம்ளர், பகல் முழுவதும் கூடம், இரவில் தலையணைமேல் தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுவர் இருந்தது.

நீங்கள்தான் விடவில்லை. “தூசியின்னா கொத்தனாருக்கு ஏன் வரல? அவுக உம்மைவிட ரெண்டு மடங்கு தூசி தின்னுறாக” என்று யோசித்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் புழங்கும் பொருள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துவரச் சொன்னீர்கள். அம்மை குத்தும் ஊசியால் என் முன்கையில் வரிசையாகக் கீறி, ஒவ்வொரு கீறலிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தீர்கள். சுண்ணாம்புத் தண்ணீர், கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டிக் கரைசல், வெள்ளைக்கரு. எது எதுவென்று மறந்துவிடப் போகிறோமே என்று நான் பேனாவை எடுத்து என் தோலிலேயே பக்கத்தில் பெயர் எழுதிக்கொண்டேன். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். “இந்தக் கையை ஆடிட்டருக்கு அனுப்பலாம்!”

சிரிப்பு அடங்குவதற்குள் வெள்ளைக்கரு வைத்த இடம் அரித்தது. கொசுக் கடித்தாற்போல் ஒரு புள்ளி வெளுத்து எழும்பியது. பிறகு அது ஓரங்களில் கால் விட்டுப் பரந்து, சுற்றிலும் சிவந்தது. மற்ற இடங்களில் வெறும் கீறல் மட்டுமே.

“முட்டை ஆகாதுன்னு ஏன் சொல்லல?”

“சின்னதுலேருந்து தின்னவன்தானே. இப்பவும் தினம் ரெண்டு குடிக்கிறேன்.”

நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். “என்னத்தைக் குடிக்கிறீக?”

அம்மாவின் டம்ளரைப் பற்றிச் சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினீர்கள். முதலில் தின்றபோது உடம்பு சும்மா இருந்தது. கூடத்தில் நாள் முழுக்க அந்த நுரையைச் சுவாசிக்கச் சுவாசிக்க, அதை எதிரி என்று உடம்பு கற்றுக்கொண்டது. “இது பிறவியில வந்ததில்ல. பழகி வந்தது. ஒண்ணுமில்லாததுக்குப் பயப்பட உம்ம உடம்பு பழகியிருக்கு.”

ஒண்ணுமில்லாததுக்குப் பயப்படுவது. அதைக் கேட்டு எனக்குத் தலைகுனிவாக இருந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “உள்ளுக்கு வாங்க, ஒண்ணு காட்டுறேன்” என்று ரங்கூனில் வாங்கிவந்த மைக்ராஸ்கோப்பின் முன் என்னை உட்கார வைத்தீர்கள்.

எலியின் வயிற்றுச் சவ்வைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நீலச் சாயம் ஏற்றியிருந்தீர்கள். எல்லாம் நீலமாகத் தெரிந்தது. நடுவில் இரத்தக் குழாயின் ஓரமாகச் சில செல்கள் மட்டும் ஊதா நிறத்தில் இருந்தன. ஒவ்வொன்றும் கேழ்வரகு மூட்டையைப்போல் துகள்களால் புடைத்திருந்தது. நீலச் சாயத்தில் முக்கினாலும் அந்தத் துகள்கள் ஊதாவாகத்தான் நிற்கும் என்றீர்கள். “இது என்ன வேலை பாக்குதுன்னு எந்தப் புத்தகத்திலயும் இல்ல. தின்னு கொழுத்த செல்லுன்னு பேரு வச்சிட்டு விட்டுட்டாக.”

அடுத்த தகட்டை மாற்றினீர்கள். அதிலும் அதே செல்தான், ஆனால் மூட்டை அவிழ்ந்திருந்தது. துகள்கள் வெளியே சிதறிக் கிடந்தன. ஏதோ எரிச்சலூட்டும் மருந்தைச் சவ்வில் விட்டதால் இப்படி ஆனது என்றீர்கள்.

“பாத்தீகளா? வாசக் காவக்காரன் மாதிரி. கையில இருந்த கல்லு, கம்பு, விளக்கு அத்தனையும் ஒரே வீச்சுல வீசிட்டான். வந்தது கள்ளனா பால்காரனான்னு பாக்கல.”

நானும் சிரித்துவிட்டேன். பல வாரங்களுக்குப் பின் வந்த சிரிப்பு அது.

நீங்கள் சிரிக்கவில்லை. ஹிஸ்டமின் என்று ஒரு பொருளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதைத் தோலில் ஏற்றினால் என் கையில் எழும்பியது போலவே தடிப்பு வருகிறது, நுரையீரலின் குழாய்களும் இறுகுகின்றன என்றீர்கள். உடம்புக்குள் அது எங்கே ஒளிந்திருக்கிறது, யார் அவிழ்த்துவிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. “எனக்கு என்னமோ இந்த ஊதாத் துகள் மேலதான் சந்தேகம். யாருகிட்டச் சொன்னாலும் சிரிப்பாக. காரைக்குடி டிஸ்பென்சரியில இருந்துக்கிட்டு இதைப் பேசக் கூடாது.” அன்றைக்கு உங்களுக்கும் ஒரு கூச்சம் இருந்தது, டாக்டர். வேறு எப்போதும் உங்களிடம் நான் அதைக் கண்டதில்லை.

அம்மாவின் டம்ளர் மறுநாளே நின்றது. மூச்சு கொஞ்சம் இளகியது. மிச்சம் இருந்தது கல்யாணக் கூடத்தின் கடைசிப் பூச்சு மட்டும். ஆவணியில் குடிபுக நாள் குறித்தாயிற்று. செட்டியார் கப்பல் ஏறிவிட்டார். “இனிமே நீங்க அந்தக் கூடத்துக்குள்ள போகக் கூடாது. ஆச்சிகிட்ட நான் சொல்லவா?” என்று கேட்டீர்கள். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். சொல்லவேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனேன்.

ஆச்சி ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். “நாளைக்குக் கூடத்துப் பூச்சு. நீர்தான் நிக்கணும், வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்” என்றார்கள் நிமிராமலே. அடுக்கி வைத்ததெல்லாம் சரிந்தது. “சரி ஆச்சி” என்றேன்.

அந்தக் காலையை எத்தனையோ தடவை நீங்கள் பிறருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உள்ளே நடந்ததை நான் சொன்னதில்லை. ஆடிக் காற்று வெளியே ஊளையிட்டது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளிட்டு ஆப்பு அடித்தார்கள். தொட்டியில் மத்து சுழல ஆரம்பித்தது. முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு காது மடல் சூடானது. அப்போது பேச முடிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கொத்தனாரும் ஆட்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர் பால் ஏடு போல மின்னத் தொடங்கியிருந்தது. அதை எப்படி நிறுத்தச் சொல்வது? இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன். உதடு வீங்கியது. தொண்டையை உள்ளேயிருந்து யாரோ சாத்துவதுபோல் இருந்தது. பேச வேண்டும் என்று முடிவெடுத்தபோது குரல் இல்லை. கையை ஆட்டினேன். தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்துச் செம்பை நீட்டினார் கொத்தனார். அது என் கையிலிருந்து விழுந்தது.

ஆச்சியிடம் சொல்லிவிட்டேனா என்று பார்க்க நீங்கள் வந்து வாசல் காவல்காரரிடம் என்னை விசாரித்ததும், உள்ளே இருப்பதாகக் கேட்டு ஓடிவந்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும். கதவு அதிர்ந்தது மட்டும் கேட்டது.

“உள்ள கணக்கப்புள்ள இருக்காகளா?”

“இருக்காகய்யா. என்னமோ செய்யுது அவுகளுக்கு. ஈரப் பூச்சு, கதவைத் தொறந்தாக் காத்து வந்துரும்!”

“அவருக்குக் காத்துத்தான்யா வேணும்! தொறங்க!”

கொத்தனார் சுவரைப் பார்த்தார். அப்படியொரு சுவரை அவர் அதற்குமுன் தேய்த்ததில்லை. பிறகு என்னைப் பார்த்தார். “போய்த் தொலையட்டும்” என்று கூழாங்கல்லைக் கீழே போட்டுவிட்டு ஆப்பை உதைத்தார். காற்று ஆள் போல உள்ளே வந்தது. பின்னாலேயே நீங்கள். வேட்டியோடு சேர்த்துத் தொடையில் ஊசி குத்தினீர்கள். இருதயம் குதிரைபோல் ஓடியது. கொஞ்ச நேரத்தில் தொண்டைக்குள் ஒரு நூலளவு வழி திறந்தது. அதன் வழியாக வந்த மூச்சின் ருசி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மாலைக்குள் சுவரில் கீறல் விட்டது. மேலிருந்து கீழே, நூல் பிடித்ததுபோல். ஆச்சி வந்து அதைப் பார்த்தார்கள். கிடத்தியிருந்த என்னையும் பார்த்தார்கள். இத்துடன் அப்பாவுக்கும் அந்த வாசல் மூடியது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?” ஆச்சியின் குரல் நடுங்கியது. “ஆகாதுன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா வேற ஆளை நிப்பாட்ட மாட்டேனா? நீர் உள்ளேயே செத்துக் கிடந்தா உம்ம அப்பனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? சுவரைக் காட்டவா?”

நான் அதுவரை இந்தக் கோணத்தில் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆப்பு அடித்தது கொத்தனார்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே நான் என்னை அடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் நீங்கள் எழுதிக் கொடுத்த மருந்தில் ஒன்று விசித்திரமானது. தினமும் காலையில் டிஸ்பென்சரிக்கு வந்து, நோயாளிகள் எல்லோருக்கும் கேட்கும்படி, “எனக்கு முட்டை ஆகாது” என்று சொல்ல வேண்டும். “பயத்தைப் பழகின உடம்புதானே, இதையும் பழகட்டும்” என்றீர்கள். முதல் நாள் எனக்குக் காற்றுத்தான் வந்தது. “குன்றக்குடி மலைமேல கேக்கணும்!” என்று உள்ளேயிருந்து கத்துவீர்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் கிழவிகளும் சிரிப்பார்கள். ஒரு கிழவி மாத்திரம், “சொல்லப்பு, வெக்கப்படாம சொல்லு. எனக்குக்கூடக் கத்திரிக்கா ஆகாது” என்று எனக்குத் துணைக்கு வந்தாள். அந்த வாக்கியம் எனக்கு முழுதாகச் சரளமானது என்று சொல்ல மாட்டேன். விருந்துகளில் பலமுறை அதைச் சொல்லாமல் விழுங்கியிருக்கிறேன். இலையை மூடிவிட்டுப் பசியோடு எழுந்து வந்திருக்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்காகச் சொல்லிவிடுவீர்கள். அதிலேயே காலம் ஓடிவிட்டது.

இப்போது செய்தி. உங்கள் சந்தேகம் சரி. அந்த ஊதாத் துகள்களுக்குள்தான் ஹிஸ்டமின் இருக்கிறதாம். எந்தத் திசுவில் அந்தச் செல்கள் மிகுதியோ, அங்கே அதுவும் மிகுதி. செல் துகள்களைச் சிதறவிட்டால் ஹிஸ்டமினும் கூடவே வெளியேறுகிறது. இரத்தக் குழாய் கசிகிறது, தோல் தடிக்கிறது, மூச்சுக்குழல் இறுகுகிறது. நான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று மூன்றாம் தடவையும் படித்தேன். அப்படித்தான் எழுதியிருக்கிறது. வாசல் காவல்காரன் வீசியது அதைத்தான். இன்னொன்றும் இருக்கிறது. இதை நீங்கள் கேட்டால் மிகவும் ரசிப்பீர்கள். எல்லாவற்றையும் வீசிவிட்டு வெறுமையாகும் அந்தச் செல் செத்துப்போவதில்லையாம். அப்படியே கிடந்து, மெள்ள மெள்ள மறுபடி துகள்களைச் சேர்த்துக்கொள்கிறதாம்.

இதைப் படித்ததும் டிஸ்பென்சரிப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டேன். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

இன்று காலை நடந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன். சந்தில் நான் நின்றதை ஆச்சியின் பேரன் பார்த்துவிட்டார். கூடத்துச் சுவரில் இருந்த அந்தக் கீறலைச் சரிசெய்கிறார்கள். அதுதான் வாசனை. “ஐயா, நல்ல வேளை வந்தீக. அந்தக் காலத்துல பூச்சு நடக்கும்போது உள்ள இருந்தவுகள்ல இன்னும் இருக்குறது நீங்க ஒருத்தர்தானாம். உள்ளுக்கு வந்து நின்னு பக்குவம் சொல்லணும்” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். கூடத்தில் தொட்டி இருந்தது, மத்து இருந்தது. ஓர் ஆள் சாக்கை நனைத்துக்கொண்டிருந்தார். கதவை அடைக்க எனக்காகக் காத்திருந்தார்கள். நிலைப்படியில் நின்றேன். “சரி” என்ற அந்தப் பழைய சொல் தொண்டைவரை வந்துவிட்டது, டாக்டர். என்னைப்போல் ஒருவன் அதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவான் என்று உங்களுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன். எனக்காகச் சொல்ல நீங்கள் இல்லை.

“எனக்கு முட்டை ஆகாது தம்பி” என்றேன். குன்றக்குடி மலைக்குக் கேட்டிருக்காது. ஆனால் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. “நான் உள்ள வர மாட்டேன். கேக்குறதைக் கேளுங்க, வெளியே இருந்து சொல்றேன்.”

“அப்படியாய்யா? முன்னமே தெரியாமப் போச்சே” என்றார் பேரன். “ஏய், ஐயாவுக்கு ஒரு நாற்காலி கொண்டாங்கப்பா.”

அவ்வளவுதான் நடந்தது. ஒரு நாற்காலி வந்தது. முற்றத்து வேம்பின் நிழலில் போட்டார்கள். உட்கார்ந்தேன். அவர்கள் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே இருந்தேன்.